கல்லாயுதப் படங்களில், கல்லில் இல்லாத அலைகள்

கல்லாயுதம் வரையப் பழகுகிறவர்கள் பழைய அச்சுப் படங்களைப் பார்த்துக் கை பழகுவது நல்லதுதான். ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஜான் எவன்ஸ் பிரிட்டனின் பண்டைய கல்லாயுதங்களைப் பற்றி 1872-இல் வெளியிட்ட நூலின் மரச்செதுக்குப் படங்கள் இன்றும் அசரவைக்கும். ஆனால் அவற்றைப் பார்த்துப் பழகுகிறவர்கள் ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். மை சிந்துவது, கை நடுங்குவதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். இது அப்படிச் சரியாவதில்லை.

ஃபிளின்ட் கோடுகளைக் குவார்ட்சைட்டில் போடுவது

எவன்ஸ் படங்களில் பெரும்பாலானவை ஃபிளின்ட் கருவிகள். அந்தக் கல் வழவழப்பாக உடையும். செதில் பெயர்ந்த வடுவில், அடி விழுந்த புள்ளியைச் சுற்றி அலை அலையாக வளைகோடுகள் தெரியும். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் எடுத்த கல்லாயுதமோ குவார்ட்சைட். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகளும் (இரு முகமும் செதுக்கிய, கையில் பிடிக்கும் கருவிகள்) பெரும்பாலும் அதே கல்தான். சொரசொரப்பான அந்தக் கல்லில் அலைகள் மங்கலாகத்தான் தெரியும், பல வடுக்களில் தெரியவே தெரியாது.

ஒரு மாணவி கொண்டுவந்த கைக்கோடரிப் படத்தில் எல்லா வடுவிலும் அழகழகான அலைகள். கல்லை வாங்கி விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் கல்லில் இல்லை. போதாததற்கு இரண்டு வடுக்களில் வளைவு தலைகீழ். அலையின் உட்குழிந்த பக்கம் அடி விழுந்த விளிம்பைப் பார்க்க வேண்டும். அதைத் திருப்பிப் போட்டால், செய்தவன் கல்லின் நடு முகத்தில் அடித்து விளிம்பை நோக்கிச் செதில் எடுத்தான் என்றாகிவிடும். கைக்கோடரியை அப்படிச் செதுக்க முடியாது.

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதனால்தான். கல் ஏதோ ஒரு காப்பறைக்குள் போய்விடும். வெளியூர் ஆய்வாளர் கையில் இருப்பது படம் மட்டுமே. எந்தப் பக்கமிருந்து அடித்தார்கள், எந்த வடு முந்தியது என்பதையெல்லாம் அவர் அந்தக் கோடுகளை நம்பித்தான் எழுதுவார். அலை தெரியாவிட்டால் வடுவின் எல்லையை மட்டும் வரையுங்கள். அடித்த திசை வேறு தடயத்தால் உறுதியானால் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அதுவும் இல்லையா, வெறுமனே விடுங்கள்.

வெளிச்சம்

இடப்பக்க மேல்மூலையிலிருந்து. கல்லைத் திருப்பினாலும் விளக்கைத் திருப்பாதீர்கள்.

புள்ளிகள்

கல்லின் பழைய மேற்தோலுக்குப் புள்ளி வைத்தால், குவார்ட்சைட்டின் சொரசொரப்பைக் காட்டவும் அதே புள்ளியை வைக்காதீர்கள்.

அளவு

எவன்ஸ் தம் படங்களில் பெரும்பாலானவற்றை நிஜத்தில் பாதி நீளத்துக்கு அச்சிட்டார். தாளில் அது சரி. இன்று அதே பக்கத்தை ஒருவர் போனில் விரித்துப் பார்க்கும்போது ‘பாதி’ என்பதற்குப் பொருளே கிடையாது. சென்டிமீட்டர் அளவுகோலைப் படத்துக்குள்ளேயே வரைந்துவிடுங்கள், படத்தைச் சுருக்கினால் அதுவும் சேர்ந்தே சுருங்கும்.