டிராக் காத்திருக்காது: தமிழில் ஒபரெட்டா போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் சில இளைஞர்கள் ஒபரெட்டாவுக்கு, அதாவது நகைச்சுவை இசை நாடகத்துக்கு, ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டிருந்தார்கள், போனேன். படி ஏறும்போதே புளூடூத் ஸ்பீக்கரில் பியானோ சத்தம். டிராக், அதாவது முன்பே பதிவு செய்த பின்னணி இசை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பத்து வருடத்துக்கு முன் நான் அடித்த அதே கூத்து.

பாட்டு மறப்பது, ஒத்திகைக்குத் தாமதமாக வருவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. யாரும் சொல்லாமலே தெரியும்.

டிராக்கை நம்புவது

அப்போது நாங்கள் எடுத்துக்கொண்டது, பாட்டெழுதிய கில்பர்ட்டும் இசையமைத்த சல்லிவனும் சேர்ந்து ஆக்கிய ஆங்கில ஒபரெட்டா ‘டிரையல் பை ஜூரி’. 1875-இல் லண்டனில் முதலில் மேடையேறியது. கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லிக் கைவிட்டவன் மேல் பெண் தொடுக்கும் வழக்கு. ஒரே அங்கம், ஏறத்தாழ 40 நிமிடம். சின்ன நாடகம், புதியவர்களுக்குச் சுலபம் என்று நினைத்தோம். அதில் பேச்சு வசனமே கிடையாது, தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டு. அதன் ஆபத்து எங்களுக்கு உறைக்கவில்லை.

பியானோ வாசிக்க ஒருவர் 900 வெள்ளி கேட்டார். “டிராக் இருக்கே அண்ணே, எதுக்குத் தண்டச் செலவு?” என்றார் எங்கள் பொருளாளர். நானும் தலையாட்டினேன். ஒத்திகையில் ஒரு தடங்கலும் இல்லை. எப்படி இருக்கும்? அங்கே சிரிக்க ஆளில்லையே.

மேடையில் நீதிபதி, தான் பதவிக்கு வந்த கதையைப் பாடுகிறார். பணக்கார வக்கீலின் வயதான, அழகில்லாத மகளைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்த கதை. பெண்ணைப் பெற்றவர் செய்யும் சிபாரிசு: அந்தி மயங்கும் நேரத்தில், வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால், 43 வயது என்று தாராளமாகச் சொல்லலாம். அரங்கம் அதிர்ந்தது. பின்வரிசையில் ஒருவர் விசிலே அடித்தார். நீதிபதி நல்ல நடிகர். சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றார். டிராக் நிற்கவில்லை. அவர் வாயைத் திறந்தபோது பியானோ பாட்டில் இரண்டு அடி தாண்டிப் போயிருந்தது. கோரஸில் பாதிப் பேர் நீதிபதியைப் பிடித்துக்கொண்டார்கள், பாதிப் பேர் டிராக்கை. லேப்டாப்பில் இருந்த தம்பி பதறிப்போய் நிறுத்தினார்.

அமைதி. வசனம் இருந்தாலாவது எதையாவது பேசிச் சமாளிக்கலாம். நீதிபதி பாவம், சுத்தியலைத் தட்டிக்கொண்டே நின்றார். அப்புறம் டிராக் பாட்டின் நடுவிலிருந்து கிளம்பியது. அதன் சுருதி ஒன்று, அவர் எடுத்த சுருதி ஒன்று. மறுநாள் காட்சிக்கு விற்ற டிக்கெட்டில் பாதி திரும்பி வந்தது. மண்டப வாடகை வரவில்லை.

எனக்கு இன்னும் எரிச்சல் என்னவென்றால், இது நம் ஆட்களுக்குத் தெரியாத விஷயமே இல்லை. ஊர்த் திருவிழாக்களில் போடும் ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் மேடை ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். பபூன் மிருதங்கக்காரரை வம்புக்கு இழுப்பார். கூட்டம் சிரித்து முடிக்கும்வரை கை தாளத்தோடு விளையாடிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டு வளர்ந்த நாம்தான் லேப்டாப்புக்குக் கட்டுப்பட்டுப் பாடுகிறோம்.

அடுத்த நாடகத்துக்கு முதல் ஒத்திகையிலிருந்தே பியானோ வைத்தோம். வாசித்தவர் ஒரு சீன ஆண்ட்டி, தமிழில் ஒரு சொல் தெரியாது. எங்கே சிரிப்பு வரும் என்று கேட்டுக் கேட்டுத் தாளில் பென்சிலால் சின்னதாக ஒரு வாய் வரைந்துகொள்வார். பாடுகிறவரின் தோள் ஏறுவதைப் பார்த்தே அடுத்த அடிக்கு விரலை வைப்பார். கூட்டம் அடங்கவில்லையா, கடைசித் துண்டையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார். பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளிடம் அவர் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். நான் இறங்கி வரும்போதும் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

குறிலை இழுப்பது

நீண்ட சுரத்தில் குறில் விழுந்தால் சொல்லே மாறிவிடும். எங்கள் கதாநாயகி “நட்ட ஈடு கொடு” என்று இழுத்தாள். கேட்டவர் காதில் “கோடு”. கோர்ட்டைத்தான் சொல்கிறாள் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள், தப்பித்தோம். அந்த இடத்தில் “தா” என்று எழுதியிருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். மொழிபெயர்க்கிறவர் பாடிப் பார்த்துக்கொண்டே எழுதவேண்டும்; சீர் எண்ணினால் மட்டும் போதாது.

மேடையில் சிரிப்பது

வேண்டாம். நீதிபதிக்குத் தான் சொல்வது நகைச்சுவை என்றே தெரியக்கூடாது.

டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர் மன்றம்)

நாடகம் போடும் உரிமத்துக்கு ஸ்கிரிப்டோடு முன்கூட்டியே போங்கள்.

காப்புரிமை

சல்லிவன் 1900-இல் போனார், கில்பர்ட் 1911-இல். மூலத்தைப் போட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் இணையத்தில் இறக்கிய டிராக்கை வாசித்தவர் உயிரோடு இருக்கிறார்.