கெந்திங் செம்பா ஏற்றம்: சைக்கிளுக்குப் புதியவர்கள் கவனிக்க வேண்டியவை

மலேசியாவில் கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பா மலைக் கணவாய்க்கு ஏறும் பழைய சாலையில் பலர் பாதியிலேயே நின்றுவிடுவது கால் பலம் இல்லாமல் அல்ல, அடிவாரத்திலேயே வேகமாக மிதித்துவிடுவதால்தான். முதல் 10 நிமிடம், மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும்.

முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் 32 அல்லது 34 பல் இருந்தால் முட்டி தப்பிக்கும். நிமிடத்துக்கு 70 சுற்றாவது மிதியுங்கள். செங்குத்து தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் செயின் கடகடவென்று பல் தாண்டும், சில நேரம் கழன்றே விழும். மாற்றும் அந்த அரைச்சுற்றுக்கு மட்டும் காலைத் தளர்த்துங்கள்.

வளைவின் உள்பக்கம்தான் அதிகச் செங்குத்து. பின்னால் வண்டி வரவில்லையென்றால், உங்கள் தடத்துக்குள்ளேயே சற்று வெளிப்பக்கமாக ஏறுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள்.