கப்பல் நிற்கும் ஒரே பகலில் சின்க்வே தெர்ரே: குடும்பத்தோடு போய்வருவது எப்படி?

மத்தியதரைக் கடலில் கப்பல் சுற்றுலா போகிறவர்களின் பயணத்திட்டத்தில் லா ஸ்பெட்சியா என்ற இத்தாலியத் துறைமுகம் அடிக்கடி வரும். பல திட்டங்களில் அதற்குப் பக்கத்தில் 'ஃபுளோரன்ஸ், பீசா' என்று போட்டிருப்பதால், இறங்கியதும் எல்லோரும் அந்தப் பக்கமே கிளம்பிவிடுகிறார்கள். ஃபுளோரன்ஸுக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போனால் பாதி நாள் ரயிலிலேயே போய்விடும். அதே நிலையத்திலிருந்து எதிர்த்திசையில் பத்து நிமிடம் போனால், பாறைமேல் தொற்றிக்கொண்டு நிற்கும் ஐந்து கடலோர ஊர்கள் ஆரம்பிக்கின்றன. அவற்றைத்தான் சின்க்வே தெர்ரே என்கிறார்கள். 'ஐந்து நிலங்கள்' என்று பொருள்.

நாங்கள் ஐந்து பேர் போனோம்: நானும் கணவரும், 11 வயது மகள், 6 வயது மகன், முழங்கால் வலியுள்ள என் அத்தை. அத்தை சுத்த சைவம். கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்பியது. அந்தப் பத்து மணி நேரத்தை எப்படிப் பிரித்துக்கொண்டோம், எதை விட்டோம் என்பதை, முதல்முறை போகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: எந்தத் துறைமுகம் என்று பாருங்கள்

'ஃபுளோரன்ஸ், பீசா' என்று போட்டிருந்தால் அது லா ஸ்பெட்சியாவாகவும் இருக்கலாம், லிவோர்னோவாகவும் இருக்கலாம். லிவோர்னோ என்றால் இந்தத் திட்டம் வேண்டாம், தூரம் அதிகம். லா ஸ்பெட்சியா என்றால் மேலே படியுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். கப்பல் நடுவில் ஷெங்கனுக்கு வெளியே உள்ள ஒரு நாட்டில் நிற்குமென்றால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள்.

படி 2: நேரத்தைக் கடைசியிலிருந்து எண்ணுங்கள்

இந்தப் பயணத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது கிளம்பும் நேரத்தை அல்ல, திரும்பும் நேரத்தை. கப்பல் 6 மணிக்குக் கிளம்பும் என்றால், எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் அதற்கு அரை மணி முன்பு. அறைக்கு வரும் அன்றாட நிகழ்ச்சித் தாளில் அது அச்சிட்டிருக்கும். கப்பல் நிறுவனமே கூட்டிப்போகும் பேருந்து தாமதமானால் காத்திருப்பார்கள். தனியாகப் போன நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் கணக்கு இது. 5.30க்குக் கப்பலில். 4.30க்குத் துறைமுக வாசலில். 4 மணிக்குள் லா ஸ்பெட்சியா நிலையத்தில். அதற்கு 3.30க்கு மேல் எந்த ஊரிலும் நிற்கக் கூடாது. இதில் ஒரு ரயில் தவறினாலும் அடுத்ததைப் பிடிக்க இடம் இருக்கிறது. கப்பல் நேரமும் ஊர் நேரமும் ஒன்றுதானா என்று இறங்கும்போதே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நாடு விட்டு நாடு போகும் கப்பலில் அது மாறுவதுண்டு.

அப்புறம், அந்த நிகழ்ச்சித் தாளில், கப்பல் நிறுவனத்துக்காக அந்த ஊரில் வேலை பார்க்கும் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். அதைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் நகலும் ஆளுக்கு ஒன்று பையில் இருக்கட்டும்.

படி 3: ரயில் அட்டையை முன்கூட்டியே வாங்குங்கள்

இந்த ஊர்கள் ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. 1999இல் அறிவிக்கப்பட்ட பூங்கா அது. பூங்கா விற்கும் சின்க்வே தெர்ரே அட்டை இரண்டு வகை: நடைபாதைகளுக்கு மட்டும் ஒன்று, ரயிலும் சேர்ந்தது ஒன்று. குடும்பத்தோடு ஒரு நாள் போகிறவர்களுக்கு ரயில் சேர்ந்ததுதான் சரி. லா ஸ்பெட்சியாவிலிருந்து, ஐந்து ஊர்களையும் தாண்டி வரும் லெவந்தோ வரை அன்று முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். நிலையங்களில் உள்ள கட்டணக் கழிப்பறையும் அதில் அடங்கும். ஆறு வயதுப் பையனோடு போகிறவர்களுக்கு இதன் அருமை புரியும். விலை பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. 4 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, 12 வயது வரை சலுகை உண்டு.

இணையத்தில் வாங்கிவிடுங்கள். கப்பல் வந்த காலையில் நிலையத்தில் டிக்கெட் வரிசை வாசலுக்கு வெளியே வரை நிற்கும். காகித அட்டையோ டிக்கெட்டோ வாங்கினால், ரயில் ஏறுமுன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி நேரமுத்திரை குத்த வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டாக இருந்தாலும் முத்திரை இல்லையென்றால் அபராதம்தான்.

முந்தின நாள் இன்னொன்றும் பாருங்கள்: ரயில் வேலைநிறுத்தம் இருக்கிறதா என்று. இத்தாலிய மொழியில் 'ஷோபெரோ'. முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலைநிறுத்த நாட்களிலும், வார நாளென்றால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் அத்தியாவசிய ரயில்கள் ஓடும். நமக்கு வேண்டியதோ நடுப்பகல். அப்படிப்பட்ட நாளில் இந்தத் திட்டத்தை விட்டுவிட்டு, லா ஸ்பெட்சியாவிலிருந்து படகில் போர்தோவேனெரே என்ற பக்கத்துக் கடலோர ஊர் வரை போய்வருவதே நிம்மதி.

படி 4: கப்பலிலிருந்து நிலையத்துக்கு

துறைமுகத்துக்குள் நடந்து போக விடமாட்டார்கள். வாசல் வரை வண்டியில் கொண்டுவந்து விடுவார்கள். அங்கிருந்து லா ஸ்பெட்சியா சென்ட்ராலே நிலையத்துக்கு 25, 30 நிமிட நடை. வழியில் வியா தெல் பிரியோனே என்ற கடைத்தெரு வருகிறது, அதில் வண்டிகள் கிடையாது. பிள்ளைகளோடு தாராளமாக நடக்கலாம். அத்தைக்காக நாங்கள் போகும்போது டாக்ஸி பிடித்தோம். முழங்காலைக் காலையிலேயே சோர்வடைய விட்டால் மிச்ச நாள் கஷ்டம்.

தள்ளுவண்டியைக் கப்பலிலேயே விட்டுவிடுங்கள். ஊர்கள் முழுக்கப் படிக்கட்டு. கைக்குழந்தை என்றால் முதுகில் சுமக்கும் பைதான் உதவும்.

படி 5: கடைசி ஊருக்கு முதலில் போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். லா ஸ்பெட்சியாவிலிருந்து ரயில் வரிசையாக ரியோமஜ்ஜோரே, மனரோலா, கோர்னில்யா, வெர்னாட்சா, மொன்தெரோஸ்ஸோ என்று போகும். கூட்டம் முதல் ஊரிலேயே இறங்கும். நீங்கள் இறங்காதீர்கள். கடைசி ஊரான மொன்தெரோஸ்ஸோவுக்கு நேராகப் போய்விட்டு, அங்கிருந்து ஒவ்வொரு ஊராகப் பின்னோக்கி வாருங்கள். அப்போது ஒவ்வொரு முறை ரயில் ஏறும்போதும் கப்பலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவீர்கள். நேரம் போதவில்லையென்றால் ஒரு ஊரை விட்டுவிட்டு நேரே திரும்பலாம். எதிர்த்திசையில் போனால், களைத்துப்போன மாலையில் கப்பலை விட்டு மிகத் தொலைவான ஊரில் நிற்க நேரிடும்.

ஐந்து ஊரையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். மூன்று போதும். கோர்னில்யாவை நாங்கள் விட்டோம். ஐந்தில் அது ஒன்றுதான் கடல்மட்டத்தில் இல்லாமல் குன்றின்மேல் இருக்கிறது. நிலையத்திலிருந்து ஏறக்குறைய 380 படிகள் ஏற வேண்டும். சிறு பேருந்து உண்டு, ஆனால் அதற்குக் காத்திருக்கும் நேரத்தில் வேறொரு ஊரைப் பார்த்துவிடலாம்.

லா ஸ்பெட்சியாவிலிருந்து மொன்தெரோஸ்ஸோவுக்கு 25 நிமிடத்துக்குள் போய்விடலாம். 1874இல் ஜெனோவா வரை முடிந்த ரயில்பாதை இது. பெரும்பகுதி மலையைக் குடைந்த சுரங்கம். இருட்டில் போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென ஒரு கணம் முழுக்க நீலம், உடனே மறுபடி இருட்டு. என் மகன் ஒவ்வொரு முறையும் கத்தினான். போகும்போது இடப்பக்க சன்னலோரம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.

மொன்தெரோஸ்ஸோ நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே மணல். ஐந்து ஊரில் உருப்படியான மணற்கடற்கரை இங்கேதான். குடையும் சாய்வு நாற்காலியும் போட்டிருக்கும் பகுதிக்குக் கட்டணம், மற்ற இடம் இலவசம். சரளைக் கல் காலைக் குத்தும், ரப்பர் செருப்பு எடுத்துப் போங்கள். பிள்ளைகளை விளையாடவிட இதுதான் இடம். முதலில் இதைக் கொடுத்துவிட்டால், மற்ற ஊர்களில் அவர்கள் பெரியவர்களைப் பொறுத்துக்கொள்வார்கள். நாங்கள் இரண்டு மணி நேரம் இருந்தோம். கடற்கரையின் கோடியில் பாறையோடு பாறையாக 'ஜிகாந்தே' என்ற ராட்சதச் சிலை நிற்கிறது. 14 மீட்டர் உயர நெப்டியூன் அது. இரண்டாம் உலகப்போரில் கைகளை இழந்தது.

படி 6: சாப்பாட்டை 12 மணிக்கே முடியுங்கள்

உணவகங்கள் மதியம் இரண்டரைக்கு மூட ஆரம்பித்துவிடும். உட்கார்ந்து சாப்பிட்டால் ஆளுக்கு இவ்வளவு என்று இருக்கைக் கட்டணமும் சேரும். நேரம் குறைவாக உள்ள நமக்கு, கையில் வாங்கிக்கொண்டு போவதே நல்லது.

சைவர்கள் கவலைப்பட வேண்டாம், இந்த லிகூரியப் பகுதி நமக்கு மிகவும் தோதானது. 'ஃபரினாதா' என்று கேளுங்கள். கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அகலமான தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டு, மேலே மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் தருவார்கள். அத்தை ஒரு வாய் வைத்ததும் "இது நம்ம அடைதானே" என்று இன்னொரு துண்டு வாங்கச் சொன்னார். ஃபொகாச்சா ரொட்டியும் நல்லது. பெஸ்தோ என்ற பச்சைத் துவையல் இந்தப் பகுதியின் சொந்தச் சொத்து, ஆனால் அதில் பாலாடைக்கட்டி சேரும். 'பீட்சா மரினாரா' என்ற பெயரைக் கேட்டு மீன் என்று ஒதுக்க வேண்டாம். தக்காளி, பூண்டு, எண்ணெய் மட்டுமே, பாலாடைக்கட்டிகூடக் கிடையாது. மொன்தெரோஸ்ஸோ நெத்திலிக்குப் பேர்போன ஊர், அதனால் மற்ற எதை வாங்கினாலும் "சென்ட்சா கார்னே, சென்ட்சா பெஷே" என்று சொல்லிவிடுங்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று அர்த்தம்.

படி 7: வெர்னாட்சா

ரயிலில் சில நிமிடம். நிலையம் பாதி சுரங்கத்துக்குள் இருக்கிறது, உங்கள் பெட்டி இருட்டில் நின்றாலும் அது வெர்னாட்சாதான். பெயர்ப்பலகை தெரியவில்லையே என்று உட்கார்ந்துவிடாமல், முந்தைய நிலையம் தாண்டியதுமே கதவருகில் வந்து நில்லுங்கள்.

நிலையத்திலிருந்து ஒரே தெரு, சரிவாகத் துறைக்கு இறங்குகிறது. படகுகளைத் தெருவிலேயே இழுத்து வைத்திருக்கிறார்கள். அலை வந்து தொடும் இடத்தில் தேவாலயம், மேலே பழைய கோட்டை. எல்லாம் அழகு. ஆனால் பிள்ளைகளுக்கு நான் இங்கே வேறொரு கதை சொன்னேன். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் மலை சரிந்து, இந்தத் தெரு ஒரு மாடி உயரத்துக்குச் சேற்றில் புதைந்தது. உயிர்கள் போயின. ஊர்க்காரர்கள் கையால் வாரி வெளியே கொட்டி மீட்ட தெரு இது.

மேலே நிமிர்ந்து பாருங்கள். சரிவு முழுக்கப் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய சுவர்கள் மண்ணைத் தாங்குகின்றன. பல நூறு ஆண்டு உழைப்பு. 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இந்தச் சுவர்களுக்கும் அதில் பெரிய பங்கு. உழவர்கள் ஊரை விட்டுப் போய்ச் சுவர் கவனிப்பாரற்று இடியும்போது மண் பிடிப்பு இழக்கிறது. இங்கே விளைந்த திராட்சையோ எலுமிச்சையோ தேனோ வாங்கினால் அந்தச் சுவரைக் கட்டுகிறவர் கையில் காசு சேரும். நினைவுப்பொருளாக விற்கும் காந்த வில்லையை விட அது எவ்வளவோ மேல்.

இங்கிருந்து மொன்தெரோஸ்ஸோவுக்கும் கோர்னில்யாவுக்கும் மலைப்பாதைகள் உண்டு. மொன்தெரோஸ்ஸோவுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். கப்பல் நாளில், பெரியவர்களோடு, வேண்டாம். போகத்தான் வேண்டும் என்றால் பிடிப்புள்ள காலணி அவசியம். செருப்போடு பாதையில் ஏறினால் பூங்கா அபராதம் போடும்.

படி 8: மனரோலா, முடிந்தால் காதல் பாதை

மனரோலாவில் துறையிலிருந்து வலப்பக்கம் திரும்பும் கல்பாவிய நடை, பத்து நிமிடத்தில் ஒரு முனைக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து பார்த்தால், வண்ண வீடுகள் பாறையில் அடுக்கிய அந்தப் பிரபலமான காட்சி முழுதாகக் கிடைக்கும். ஏற்றம் அதிகமில்லை. அத்தையும் வந்தார்.

ரியோமஜ்ஜோரேயிலிருந்து மனரோலாவுக்குப் பாறையோரம் போகும் 'வியா தெல்லமோரே', அதாவது காதல் பாதை, ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. 2012இல் பாறை விழுந்து மூடியது 2024இல்தான் முழுதாகத் திறந்தது. தனிக் கட்டணம், குறித்த நேரத்துக்கு முன்பதிவு, ரியோமஜ்ஜோரே பக்கமிருந்து நுழைய வேண்டும். கப்பல் தாமதமாக வந்தால் அந்த நேரம் வீணாகும் என்பதால் நாங்கள் எடுக்கவில்லை. எடுப்பதென்றால் மதியம் இரண்டு மணிக்கு மேல் உள்ள நேரமாகப் பாருங்கள்.

படி 9: திரும்புதல்

மூன்றேகாலுக்கே நிலையத்துக்கு வந்துவிடுங்கள். முகப்பில் 'லா ஸ்பெட்சியா' என்று எழுதியிருக்கும் ரயில். 'லெவந்தோ' அல்லது 'செஸ்த்ரி லெவந்தே' என்றிருந்தால் அது எதிர்த்திசை. வெர்னாட்சாவில் அவசரத்தில் நாங்கள் அப்படித் தவறான ரயிலில் ஏறி, மறுபடி மொன்தெரோஸ்ஸோ போய் இறங்கித் திரும்பினோம். அரை மணி நேரம் போனது. கணக்கில் இடம் விட்டிருந்ததால் யாரும் பதறவில்லை.

கோடையில் நடைமேடை நெரியும். ஏறும் முன்பே யார் எந்தப் பிள்ளையின் கையைப் பிடிப்பது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஏற ஒருவர் ஏறமுடியாமல் போனால் எங்கே சந்திப்பது என்பதையும். நாங்கள் 'லா ஸ்பெட்சியா, அதே நடைமேடை' என்று சொல்லியிருந்தோம். படகுச் சேவையும் உண்டு, அழகான பயணம். ஆனால் அலை உயர்ந்தால் நிறுத்திவிடுவார்கள். அதனால் படகைப் போகும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும் வழிக்கு ரயில்தான்.

கப்பல் கிளம்பும்போது மேல்தளத்துக்குப் போய் வலப்பக்கம் நில்லுங்கள். வளைகுடாவை விட்டு வெளியேறுகையில் பல்மாரியா தீவும், அதற்கப்பால் கலங்கரை விளக்கத்தோடு சிறிய தீனோ தீவும் கடந்து போகும். அவற்றுக்குப் பின்னால்தான் நாம் காலையில் போன ஊர்கள்.