பழைய ஆட்டோ காடியில் கியர் வழுக்குகிறதா? பெட்டியை இறக்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

நான் பினாங்கில் இருக்கிறேன், என்னுடையது 1997 புரோட்டான் விரா 1.6 ஆட்டோ. போன வருஷம் பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாக பாலிக் புலாவுக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, கியர் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுகிற நேரத்தில் எஞ்சின் மட்டும் வீரென்று கத்தியது, காடி இழுக்கவில்லை, ஒரு விநாடி கழித்து யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி கியர் விழுந்தது. மறுநாள் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். போனட்டைக்கூடத் திறக்காமல், "கியர்பாக்ஸ் போயிருச்சு தம்பி, ஓவர்ஹால் பண்ணணும், 3,000 வெள்ளி ஆகும்" என்றார். அப்பா ஓட்டிய காடி, அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து நானே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கியர் எண்ணெய் ரேடியேட்டருக்குப் போய்வரும் ரப்பர் ஹோஸில் கிளிப் தளர்ந்து, சொட்டுச் சொட்டாக ஏறக்குறைய 1 லிட்டர் எண்ணெய் போயிருந்தது. புது ஹோஸ், இரண்டு கிளிப், எண்ணெய், அவ்வளவுதான் செலவு.

எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது. ஆனால் பெட்டியை இறக்கச் சம்மதிப்பதற்கு முன் நாமே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. நான் சொல்வது விரா, வாஜா, கஞ்சில், முதல் தலைமுறை மைவி, பழைய ஹோண்டா, டொயோட்டா மாதிரி மூன்று அல்லது நான்கு கியர் உள்ள சாதாரண ஆட்டோவுக்கு. சாகா எஃப்எல்எக்ஸ் போன்ற, கியர் படிகளே இல்லாத சிவிடி பெட்டிகளின் கதை வேறு, எண்ணெயும் வேறு.

ஆட்டோ பெட்டியில் எண்ணெய் வெறும் மசகு இல்லை, அதுதான் வேலையே செய்கிறது. பம்ப் எண்ணெயை அழுத்தி அனுப்ப, அந்த அழுத்தம் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்க, கியர் மாறுகிறது. எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், தட்டு வழுக்கும். வழுக்கினால் சூடு, சூட்டில் எண்ணெய் கருகும், கருகினால் இன்னும் வழுக்கும். காலையில் பிறையிலிருந்து பினாங்குப் பாலத்தில் ஏறி ஜாமில் ஊர்ந்துகொண்டே தீவுக்கு வருகிற காடிகளுக்கு இந்தச் சூடு சீக்கிரம் வந்துவிடும்.

எதையும் தொடுவதற்கு முன் 2, 3 நாள் கோளாறு எப்போது வருகிறது என்று கைப்பேசியில் குறித்து வையுங்கள். இதைத்தான் பலர் செய்வதில்லை, இதிலேதான் பாதி விடை இருக்கிறது. காலையில் முதல் தடவை ரிவர்ஸுக்கு, அதாவது ஆரில் போட்டால் 3, 4 விநாடி கழித்துத்தான் பிடிக்கிறது, சூடான பிறகு சரியாகிவிடுகிறது என்றால், உள்ளே ரப்பர் சீல்கள் இறுகிப்போயிருக்கலாம், இல்லை எண்ணெய் குறைவாக இருக்கலாம். காலையில் நன்றாக ஓடி, ஜாமில் அரை மணி நேரம் நின்ற பிறகு வழுக்கினால், எண்ணெய் பழசாகி வலுவிழந்திருக்கலாம், தட்டு தேய்ந்திருக்கலாம். மேட்டிலோ வளைவிலோ மட்டும் வழுக்கினால் எண்ணெய் அளவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 60, 70 கிலோமீட்டரில் பெடலை லேசாக மிதித்துப் போகும்போது சாலையில் வரிவரியாகக் கோடு இருப்பது போல நடுங்கி, இடது காலால் பிரேக்கைத் தொட்டதும் நடுக்கம் நின்றால், டார்க் கன்வர்ட்டரின் (எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) லாக்அப் கிளட்ச் பக்கம் பார்க்கணும், சீரான வேகத்தில் இரண்டையும் நேராகப் பூட்டுவது அதுதான். இதைச் சோதிக்கும்போது பின்னால் யாரும் வராத சாலையாக இருக்கட்டும்.

இப்போது டிப்ஸ்டிக், அதாவது கியர் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி. எஞ்சின் எண்ணெய் பார்க்கிற மாதிரி இதைப் பார்க்கக்கூடாது. காடியை 15, 20 நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, பிரேக்கை மிதித்தபடியே லிவரை எல்லா இடத்துக்கும் மெதுவாக ஒரு சுற்று கொண்டுபோங்கள். விரா போல மிட்சுபிஷி வழி வந்த பெட்டி என்றால் நியூட்ரலில் (N) வைத்து எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும், டொயோட்டா என்றால் பார்க்கில் (P). பழைய ஹோண்டாவுக்கு மட்டும் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் அளவு தப்பாகக் காட்டும், அதை நம்பி ஊற்றினால் எண்ணெய் அதிகமாகி நுரைக்கும், அதுவும் வழுக்கலில்தான் கொண்டுபோய் விடும்.

குச்சியை ஒரு தடவை துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எண்ணெய் சூடாக இருக்கும்போது பார்ப்பதற்கான ஹாட் குறிகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்தத் துளியை வெள்ளை டிஷ்யூவில் ஒற்றுங்கள். நல்ல எண்ணெய் ரோஸ் சிரப் மாதிரி தெளிந்த சிவப்பாகப் பரவும். பழசு பழுப்பாக இருக்கும், அதில் பயமில்லை. கறுப்பாக, நடுவில் தூள் தங்கி, கருகிய வாடை அடித்தால் தட்டுகள் எரிந்திருக்கின்றன. ரோஸ் நிறத்தில் பால் கலந்த மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குழாய் ஓட்டையாகி, கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் வந்திருக்கிறது. அப்படி இருந்தால் காடியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், இழுவை வண்டி வைத்துக் கொண்டுபோங்கள்.

இந்த எண்ணெய் எஞ்சின் எண்ணெய் மாதிரி எரிந்து குறையாது. குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்றுதான் அர்த்தம். ராத்திரி காடிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள், காலையில் சிவப்புப் பொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே தேடுங்கள். எனக்கு அப்படித்தான் ஹோஸ் கிடைத்தது.

எண்ணெய் மாற்றுவதானால் ரகம் முக்கியம். விராவுக்கு எஸ்பி 3 ரகம், பழைய ஹோண்டாவுக்கு முன்பு இசட் 1, இப்போது அதற்குப் பதில் டிடபிள்யூ 1. "எல்லாத்துக்கும் ஒண்ணுதான் பாஸ்" என்று கடையில் சொன்னால் வாங்காதீர்கள், தப்பான எண்ணெயாலேயே கியர் உதைப்பதும் நடுங்குவதும் உண்டு. கீழே போல்ட்டைக் கழற்றினால் மொத்த எண்ணெயும் வராது, பாதிக்கு மேல் டார்க் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் நின்றுவிடும். ஆகையால் வந்த எண்ணெயை அளந்து, அதே அளவு புதுசை ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, இன்னும் இரண்டு தடவை அப்படியே செய்யுங்கள். பல வருஷம் மாற்றாத பெட்டிக்கு மெஷின் வைத்து ஃப்ளஷ் பண்ண நான் சம்மதிக்க மாட்டேன், உள்ளே படிந்திருக்கும் அழுக்கு கிளம்பி வால்வில் அடைத்தால் இருந்ததும் போய்விடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காடிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். பழைய எண்ணெயை லோங்காங்கில் (சாக்கடையில்) கொட்டாமல் பட்டறை டிரம்மில் கொடுத்துவிடுங்கள்.

எண்ணெய் சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால் பெட்டிக்கு வெளியே பாருங்கள். நான்காவது கியர் விழவே இல்லை என்றால் லிவரில் இருக்கும் ஓவர்டிரைவ் பொத்தான் தெரியாமல் கைபட்டு ஆஃப் ஆகியிருக்கிறதா, மீட்டரில் ஓ/டி ஆஃப் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். டியிலோ ஆரிலோ போடும்போது டங்கென்று இடித்தால் எஞ்சின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கும், அல்லது ஐட்லிங் அதிகமாக இருக்கும். பியில் ஸ்டார்ட் ஆகாமல் நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட் ஆனால், லிவர் எங்கே இருக்கிறது என்று காட்டும் இன்ஹிபிட்டர் சுவிட்சோ லிவர் கேபிளோ நகர்ந்திருக்கிறது. கியர் ரொம்பத் தாமதமாக மாறினால், கேபிள் உள்ள பழைய மாடல்களில் பெட்டிக்குப் பெடல் அளவைச் சொல்லும் கிக்டவுன் கேபிளையும், மற்றவற்றில் அதே வேலையைச் செய்யும் திராட்டல் சென்சாரையும் பாருங்கள். எப்போது பார்த்தாலும் மூன்றாவது கியரிலேயே கிளம்பி சோம்பலாக நகர்ந்தால், கம்ப்யூட்டர் ஏதோ மின்கோளாறைக் கண்டு பாதுகாப்பு நிலைக்குப் போயிருக்கிறது. பார்க்க வேண்டியவை: சொலினாய்ட் (எண்ணெய் வழியைத் திறந்து மூடும் மின்வால்வு), வேக சென்சார், வயர் சாக்கெட், பேட்டரி எர்த். இவற்றில் எதற்கும் பெட்டியை முழுசாகப் பிரிக்க வேண்டியதில்லை.

எண்ணெய் இறக்கும்போது அடி போல்ட்டின் காந்தத்தையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் குழைந்த பசை சகஜம். விரலில் குத்துகிற இரும்புச் சில்லு இருந்தால், அல்லது சரியான எண்ணெய் முழு அளவு இருந்தும் ஆர் பிடிக்கவே இல்லை என்றால், பெட்டி உள்ளேயே அடிபட்டிருக்கிறது. அப்போது ஓவர்ஹாலா, ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய காடியின் பெட்டியா (ஹாஃப்கட்) என்று முடிவு செய்யலாம். ஹாஃப்கட் என்றால் எத்தனை மாத வாரண்டி என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள், பூட்டுவதற்கு முன் கூலர் குழாய்களைக் கழுவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழைய பெட்டியின் தூள் புதுசுக்குள் போய்விடும். எந்தப் பட்டறையானாலும் நீங்கள் குறித்து வைத்ததைக் காட்டி, கோளாறு வருகிற அதே சூட்டில், அதே மாதிரி மேட்டில் போமனை (பட்டறை மெக்கானிக்கை) பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். வர மறுத்தால் காடியை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள்.