ஒழுங்கையின் கதையைக் கடித உறையில் தேடுங்கள்

1978 முதல் ஓய்வு பெறும்வரை கிளிநொச்சியில் சைக்கிளில் தபால் கொடுத்தவன் நான். டிப்போச் சந்திக்கு மேற்கே நான் குடியிருக்கும் ஒழுங்கையின் (சிறு தெருவின்) கதையை ஒரு கொப்பியில் எழுதி முடிக்க மூன்று வருசம் பிடித்தது. அதில் ஒரு வருசம், பிழையாக எழுதியதைத் திருத்துவதிலேயே போனது. உங்கள் குடியிருப்பின் கதையை எழுத நினைக்கிறீர்கள் என்றால் அந்த ஒரு வருசமாவது உங்களுக்கு மிச்சப்படட்டும்.

முதலில் பழைய முகவரிகளைச் சேருங்கள். கடிதத்துக்குள் இருப்பது அவரவர் வீட்டு விசயம், உங்களுக்கு உறை போதும். கலியாண அழைப்பிதழ், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் சிறு புத்தகம்), வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் முகவரி இருக்கும். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முந்திய உறைகளில் 'யாழ். மாவட்டம்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம்.

எங்களிடம் இருந்த கடிதங்கள் இடம்பெயர்வுகளில் போய்விட்டன. ஆனால் இங்கிருந்து நாங்கள் அனுப்பியவை கொழும்பிலும் கனடாவிலும் பத்திரமாக இருக்கின்றன. வெளிநாடு போன நீல ஏரோகிராம்களின் (மடித்தால் தானே உறையாகும் விமானக் கடிதங்களின்) பின்பக்கத்தில் அனுப்புநர் முகவரி இருக்கும். வாட்ஸ்அப்பில் படம் கேளுங்கள். எனக்கு இப்படி 60க்கு மேல் வந்தன.

அடுத்தது வயதானவர்களிடம் கேட்பது. விதைப்பு, அறுவடை நேரத்தில் போகாதீர்கள், ஒருவரும் கதிரை தரமாட்டார்கள். 'எந்த ஆண்டு வந்தீர்கள்?' என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். தமிழருக்கு எதிரான 58 கலவரத்துக்கு முந்தியா, 64 சூறாவளிக்குப் பிந்தியா, கிணறு வெட்டும்போது எந்தப் பிள்ளை கைக்குழந்தை என்று கேளுங்கள். மிளகாய்க் காசு பற்றிக் கேட்க மறக்காதீர்கள். 1970 முதல் 77வரை பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கதவைச் சாத்தியதால் வன்னிக் கமக்காரரின் கையில் காசு புழங்கியது. எங்கள் ஒழுங்கையில் கிடுகுக் கொட்டில் ஓட்டு வீடானதும் முதல் உழவு இயந்திரம் வந்ததும் அப்போதுதான். அந்தக் கதைக்கு மட்டும் ஒரு முழுப் பின்னேரம் ஒதுக்குங்கள்.

போர் முடிந்த 2009 பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். அவர்களாகத் தொடங்கினால் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள். எழுதலாமா என்று இன்னொரு நாள் போய்க் கேட்கலாம்.

சரி, என் பிழைக்கு வருகிறேன். முதல் பிரதியில் 1936இல் தொடங்கிய குடியேற்றம், இரணைமடுக் குளத்துத் தண்ணீர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டியவர்கள் என்று 40 பக்கம் எழுதியிருந்தேன். ஒழுங்கைக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வீட்டு அக்கா 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் பதுளைப் பக்கத்திலிருந்து வந்தவர். முடியுமட்டும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, இதுல நாங்க எங்க இருக்கோம்?" என்றார். எனக்கு வாய் எழவில்லை. அவர்களுக்குத் தபால் கொடுத்தவனே நான்தானே! அவர்களின் கடிதங்கள் வருசக்கணக்காக 'மே/பா' (மேற்பார்வை, அதாவது இன்னார் மூலம்) போட்டு, அவர்கள் கூலிக்கு நின்ற காணிக்காரர் பெயரிலோ சந்திக்கடை முதலாளி பெயரிலோ வந்தன. நானும் உறைகளைக் காணிக்காரர் பெயரிலேயே அடுக்கியிருந்தேன். அவர்கள் அந்த அடுக்குக்குள் மறைந்து போனார்கள்.

ஆகவே 'மே/பா' உறைகளைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்த எழுத்து எப்போது நின்றது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று பாருங்கள். பேர்மிட் (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்) கிடைத்ததா, மகள் வேலையில் சேர்ந்தாளா, கடைக்காரரோடு சண்டையா? அக்காவின் வீட்டுக்கு அது நின்றது 2013இல், இந்திய வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்த பிறகு. 550,000 ரூபாவைக் கட்டங்கட்டமாகக் கொடுத்தார்கள். கடிதம் நேரே அவர் பெயருக்கு வர, வீடும் வேண்டியிருந்தது, அதற்கு முதல் காணிக் கடதாசியும் வேண்டியிருந்தது. மலையகத்திலிருந்து வந்தவர்கள் நிறைந்த பாரதிபுரம், மலையாளபுரம் பக்கம் எழுதப் போகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

அரசாங்கக் கணக்கை நம்பி உட்காராதீர்கள். 1981க்குப் பிறகு இங்கே முழுமையான குடிசனக் கணக்கெடுப்பு நடந்தது 2012இல்தான். இடையில் 31 வருசம். அந்த இடைவெளிக்குக் கோயில் உபயகாரர் பட்டியலும், தப்பியிருந்தால் பள்ளிக்கூடச் சேர்வுப் பதிவேடும் உதவும்.

வீடுகளைப் பார்க்கும்போது பின்வளவுக்கும் போங்கள். புது வீட்டுக்குப் பின்னால் பழைய அத்திவாரம் கிடக்கும், அதை அளந்து குறியுங்கள்.

கடைசியாக ஒழுங்கையைப் படமாகக் கீறுங்கள். கிணறு, மரம், வாய்க்கால், யார் எப்போது குடியிருந்தார் என்பது போதும். பேர்மிட் இலக்கத்தையும் எல்லைக் கணக்கையும் ஏற்றாதீர்கள். நான் ஏற்றினேன். ஒருவர் அந்தப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்துக் காணி வழக்குக்குக் கொண்டுபோனார். பக்கத்தைக் கிழித்து எறிந்துவிட்டேன். ஆனாலும் எதிர்வீட்டார் இன்னும் என்னைக் கண்டால் படலையைச் சாத்துகிறார்கள்.