படத்தில் ஆரஞ்சுக் கோடு விழுந்தால் பின்கதவைப் பாருங்கள்

மூன்று ரோல் வீணான பிறகுதான் தெரிந்தது, தப்பு டெவலப் செய்ததில் இல்லை, என் பழைய எஸ்எல்ஆர் ஃபிலிம் கேமராவின் பின்கதவில். கதவு மூடும் பள்ளத்தில் வெளிச்சம் புகாமலிருக்க 1970களில் ஒட்டிய கறுப்பு ஃபோம் தார் மாதிரி இளகி, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று வந்தது. ஃபிலிமின் முதுகுப் பக்கமாக வெளிச்சம் புகுந்தால் சிவப்பை உணரும் அடுக்கில்தான் முதலில் படும், அதனால்தான் கலர் ஃபிலிமில் கோடு ஆரஞ்சாக வருகிறது.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பல்குச்சியால் சுரண்டினேன், ஒரு மாலை முழுக்கப் போனது. துகள் ஷட்டர் திரையில் விழவே கூடாது, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். அப்புறம் பள்ளம் நெடுகக் கறுப்புக் கம்பளி நூலை அழுத்திப் பதித்தேன். பசை வேண்டாம், தானாகவே நிற்கிறது. கீல் பக்கத்துக்கு மட்டும் புது ஃபோம் பட்டை.

அடுத்த ரோலை நல்ல வெயிலில் எடுத்தேன். ஒரு கோடுகூட இல்லை.