ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் அதிர்வைக் குறைக்க

சுட்டதும் 'டொய்ங்' என்று அதிர்ந்தால், ஸ்பிரிங்குக்கும் அதன் உள்ளே நிற்கும் கைடுக்கும் இடையே இடைவெளி அதிகம் என்று அர்த்தம். வலுவான ஸ்பிரிங் போட்டால் சரியாகாது, உதைப்புதான் கூடும்.

குண்டு இல்லை, காக் ஆகவில்லை (ஸ்பிரிங் இழுத்துப் பூட்டப்படவில்லை) என்று உறுதிசெய்துவிட்டு ஸ்டாக்கை, அதாவது கட்டையைக் கழற்றுங்கள். அப்போதும் உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் கிளாம்ப் இல்லாமல் பின்மூடியைத் தொடாதீர்கள், முகத்தில் பாயும்.

ஸ்பிரிங்கைக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். தள்ளாடினால் வளைந்துவிட்டது, மாற்றுங்கள். கைடு, லேசாகத் தள்ளினால்தான் நுழையும் அளவுக்கு இறுக்கமாக இருக்கவேண்டும்.

பலர் கோட்டைவிடுவது, காக் செய்யும் நெம்புகோல் ஓடும் காக்கிங் பள்ளத்தின் விளிம்பில். விரலை வைத்தால் பிசிறு தட்டுப்படும். பிஸ்டனின் முன்முனையில் மாட்டும் புது சீலை நுழைக்கும்போதே அது சீவிவிடும். நுண்ணரத்தால் மழுக்கி, 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தூள் துளியும் இல்லாமல் துடைத்தெடுங்கள்.

பிஸ்டனின் பக்கங்களில் மாலி (மாலிப்டினம்) பேஸ்ட், ஸ்பிரிங்கில் பிசுபிசுப்பான டார் கிரீஸ். இரண்டும் மெல்லிய பூச்சுதான். சீலுக்கு முன்னால் எண்ணெய் போனால் அழுத்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும்: புகை, வெடிச்சத்தம், குறி சிதறல். முதல் சில குண்டுகளுக்கு லேசான புகை சகஜம்.

குழல் மடியும் இடத்தின் மேல் டிஷ்யூ துண்டு வைத்துச் சுடுங்கள். பறந்தால், குழலின் பின்முனையை அடைக்கும் ப்ரீச் சீலில் கசிவு. ஸ்டாக் ஸ்க்ரூக்களை இறுக்காமல் குறி பார்ப்பது வீண்வேலை. குண்டில்லாமல் மட்டும் சுட்டுப் பார்க்காதீர்கள். காற்றுமெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் மோதும்.